வெறுங்கண்ணும் விண்மீன் கூட்டமும்

ஹேவாஹெட்ட மலைச்சரிவுகளில் மேகம் முற்றாக விலகிய இரவுகள் ஆண்டில் மிகச் சிலவே. நவம்பர் மாதத்தில் மாலை இடிமழை பெய்து ஓய்ந்தபின், தேயிலைச் செடிகளில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும் வேளையில், வானம் சில நாழிகை நேரம் திறந்துகொள்வதுண்டு. அம்மாதத்தின் நடுப்பகுதியில், இரவு 9 மணியளவில், வடக்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்ப்போருக்கு உச்சிக்கு அருகே நான்கு விண்மீன்களாலான பெருஞ்சதுரம் ஒன்று தோன்றும். பஞ்சாங்கம் அறிந்தோர்க்கு அது புதிதன்று. பூரட்டாதியும் உத்திரட்டாதியுமே அது. அச்சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து புறப்பட்டு, அதே திசையில் இரண்டாவது விண்மீன் வரை சென்று, அங்கிருந்து வடமேற்கே திரும்பி மங்கலான இரு விண்மீன்களைக் கடந்தால், விரலால் தேய்த்த சுண்ணக்கட்டித் தடம் போன்ற ஒரு வெளிறிய புள்ளி தென்படும். வடக்குத் தொடுவானத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 56 பாகை.

அந்தத் தடம்தான் அந்திரோமீடா விண்மீன் மண்டலம். நம்மிடமிருந்து அது 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்றிரவு நம் கண்ணில் விழும் அதன் ஒளி, ஆதி மனித இனத்தார் கல்லை உடைத்து ஆயுதம் செய்யப் பழகிய காலத்தில் புறப்பட்டது. இலட்சம் கோடி என்று மதிப்பிடத்தக்க விண்மீன்கள் அதில் அடங்கியுள்ளன. ஆயினும் கண்ணுக்குத் தெரிவதோ ஒரு புகைத் தடம்.

இத்துணைப் பெரியது ஏன் இத்துணை மங்கலாகத் தெரிகிறது? அம்மங்கலுக்குள் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது என்பதை மனிதன் எவ்வாறு அறிந்தான்? அவ்வறிவை ஈட்டித் தந்தவர் யாவர்? இக்கேள்விகள் வானநூலாருக்கு மட்டும் உரியனவல்ல. மலைநாட்டின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் கற்கும் மாணவருக்கும் இவற்றோடு தொடர்புண்டு.

முதலில் வெறுங்கண்ணின் எல்லையை நோக்குவோம். மாசற்ற இருள் வானில் மனிதக் கண் தனித்தனியாகப் பிரித்தறியக்கூடிய விண்மீன்கள், வானம் முழுவதையும் கணக்கிட்டாலும், 6000 அளவினவே. இவை அனைத்தும் நமது அண்டை அயலார். பெரும்பாலானவை சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு உட்பட்டவை. ரோகிணியின் தொலைவு ஏறத்தாழ 65 ஒளியாண்டு, மகம் 79. நாம் வாழும் விண்மீன் மண்டலமோ ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளியாண்டு அகன்றது. பத்தாயிரம் கோடி முதல் நாற்பதாயிரம் கோடி வரை விண்மீன்களைக் கொண்டது எனக் கணிக்கப்படுகிறது. அந்த 6000 போக எஞ்சியவற்றுள் கண்ணை எட்டும் ஒளியெல்லாம் ஒன்றுகலந்து, ஆகாய கங்கை என்றும் பால்வீதி என்றும் நம் முன்னோர் பெயரிட்ட வெண்பட்டையாகத் தெரிகிறது.

நமது மண்டலத்துக்கு அப்பாற்பட்டவற்றுள் வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படுபவை மூன்றே: வடவானில் அந்திரோமீடா, தென்வானில் பெரிய மகெல்லன் முகில், சிறிய மகெல்லன் முகில் என்னும் இரண்டு. மிகக் கூர்மையான கண்ணும் மிக ஆழ்ந்த இருளும் வாய்த்தோர் அந்திரோமீடாவின் அயலிலுள்ள முக்கோண மண்டலத்தையும் காண்பர். மகெல்லன் முகில்கள் முறையே ஏறத்தாழ 1,60,000, 2,00,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. ஐரோப்பியர் அவற்றுக்கு ஒரு மாலுமியின் பெயரைச் சூட்டினர். தென்னுலக மக்களோ அவன் கப்பல் புறப்படுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைக் கண்டறிந்தவர்கள். ஹேவாஹெட்டையிலிருந்து பார்த்தால், பெரிய முகில் தெற்குத் தொடுவானத்துக்கு மேலே 13 பாகைக்கும் சிறியது 10 பாகைக்கும் மேல் உயர்வதில்லை. தெற்கே மலை எழுந்து நிற்கும் பள்ளத்து லயங்களிலிருந்து அவற்றைக் காண இயலாது; தெற்கு திறந்த மலைமுகட்டில் நிற்பவர்க்கே அக்காட்சி கிட்டும்.

இனி ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் அந்திரோமீடாவின் படம் வருகிறது: பொன்னிற நடுப்பகுதி, நீலமும் செம்மையும் கலந்த சுருள் கரங்கள். இதனைக் கண்ட மாணவன், தொலைவு காரணமாகவே நமக்கு அது மங்கலாகத் தெரிகிறது என்றும், விண்கலம் ஏறி அருகே சென்றால் படத்தில் உள்ளபடியே கண்கூசத் தெரியும் என்றும் நினைக்கிறான். அவ்வாறு தெரியாது.

நிலவொளியில் எதிர்மலையில் தெரியும் ஒரு வெள்ளைச் சுவரை எண்ணிப் பாருங்கள். அதை நோக்கி நடக்க நடக்கச் சுவர் பெரிதாகத் தோன்றும். ஆனால் அதன் வெண்மை கூடுவதில்லை. பாதித் தூரம் நெருங்கியதும் சுவரிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி நான்கு மடங்காகிறது. அதே வேளையில் பார்வையில் அது அடைத்துக்கொள்ளும் பரப்பும் நான்கு மடங்காகிறது. ஆகவே ஒவ்வொரு சிறு பகுதியின் பிரகாசமும் முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது. எதிர்மலையில் எரியும் ஒற்றை விளக்கின் கதை வேறு. புள்ளியாகத் தோன்றும்வரை அது நெருங்க நெருங்கப் பிரகாசிக்கும். விண்மீன் மண்டலம் விளக்கைப் போன்றதன்று. நிலவொளிச் சுவரைப் போன்றது. அருகே சென்றால் அது வானத்தை நிறைக்குமேயன்றிப் பளிச்சிடாது. அந்திரோமீடாவின் முழு நீளம் இப்போதே வானில் ஏறத்தாழ 3 பாகை, அதாவது முழுநிலாவின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு. கண்ணோ அதன் நடுப்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டு, விளிம்புகளை இருளில் விட்டுவிடுகிறது.

நிறமும் தெரியாது. மனித விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் நல்ல வெளிச்சத்தில் மட்டுமே தொழிற்படுகின்றன. மங்கலில் வேலை செய்யும் கோற்கலங்களுக்கு நிற வேறுபாடு தெரியாது. மேலும், கண் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்ததைப் பார்த்து உடனே விட்டுவிடுகிறது. ஒளிப்படத் தட்டோ மணிக்கணக்காகச் சேர்க்கிறது. 1888இல் இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் என்பவர் பல மணி நேரம் தட்டைத் திறந்துவைத்து அந்திரோமீடாவைப் படமெடுத்தபோதுதான் அதன் சுருள் அமைப்பு தெளிவாக வெளிப்பட்டது. படம் பொய்யன்று; ஆனால் அது கண் கண்ட காட்சியுமன்று. பொறுமையாகக் கூட்டிச் சேர்த்த கணக்கு எனலாம்.

இதற்கு மிகச் சிறந்த சான்று நம் தலைக்கு மேலேயே உள்ளது. ஒரு விண்மீன் மண்டலத்துக்கு நாம் செல்லக்கூடிய மிக அருகான இடம் அதன் உள்ளேதான். நாமோ உள்ளேயே இருக்கிறோம். அப்படியிருந்தும் நாம் காண்பது வெளிறிய பால்வீதியையே. அந்திரோமீடா நம்மை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வேகத்தில் நெருங்கி வருகிறது. இரண்டும் மோதிக் கலக்குமா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் முடிவில்லை. பலநூறு கோடி ஆண்டுகளுக்குப் பின் அது வானை அடைத்து நின்றாலும், நம்மைப் போன்ற கண்ணுடையோர்க்கு அது இரண்டாவதொரு பால்வீதியாகவே தோன்றும்.

ஆதலின் அருகே செல்வதால் மட்டும் மங்கல் தெளிவதில்லை. கூட்டத்தைக் கூட்டமாக அறியக் கருவி வேண்டும், உழைப்பு வேண்டும், அறிய வேண்டும் என்ற எண்ணமும் வேண்டும். வானநூலின் வரலாறு இதனைப் படிப்படியாகக் காட்டுகிறது.

அந்திரோமீடாவின் தடத்தை எழுத்தில் முதலிற் பதிந்தவராக நாம் அறிவது பாரசீகத்து அப்துர் ரஹ்மான் அல்-ஸூஃபியை. 964ஆம் ஆண்டளவில் இஸ்பஹான் நகரிலிருந்து எழுதிய நூலில் அவர் அதனைச் சிறு முகில் எனக் குறித்தார். 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியைப் பால்வீதியின்பால் திருப்பினார்; புகையெனத் தெரிந்தது எண்ணற்ற விண்மீன்களாகப் பிரிந்தது. வெறுங்கண்ணுக்கு மங்கலாய்த் தெரிவது பெருங்கூட்டமாக இருக்கலாம் என்பதற்கு மனிதன் பெற்ற முதல் கண்கூடான சான்று அதுவே. அந்திரோமீடா மட்டும் பிரியவில்லை. 1612இல் அதைத் தொலைநோக்கியால் பார்த்த ஜெர்மானியர் சைமன் மாரியஸ், கொம்புத் தகட்டினூடே தெரியும் மெழுகுதிரி ஒளிக்கு அதை ஒப்பிட்டார். 1755இல் தத்துவஞானி கான்ட், இத்தகைய தடங்கள் நமது மண்டலத்தைப் போன்ற தனித்தனி மண்டலங்களாக இருக்கலாம் என ஊகித்தார். ஊகத்தை மெய்ப்பிக்க வழியில்லாதிருந்தது.

1845இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு 72 அங்குல ஆடி கொண்ட மாபெரும் தொலைநோக்கியை அமைத்து, வேறொரு தடத்தில் சுருள் வடிவத்தைக் கண்டார். அதே ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பெரும் பஞ்சம் மூண்டது. அப்பெருங்கருவி சில காலம் வாளாவிருக்க நேர்ந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். அறிவின் வரலாறும் பசியின் வரலாறும் ஒரே மண்ணில் நிகழ்பவை என்பதை நாம் மறத்தலாகாது.

நமது மலைக்கும் இது பொருந்தும். 1852இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் என்னும் இளைஞர், ஹேவாஹெட்டப் பகுதியைச் சார்ந்த லூல்கந்துர தோட்டத்தில், 1867இல் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இலங்கையின் வணிகத் தேயிலைச் செய்கைக்கு அதுவே தொடக்கம். அதே 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1869இல் இத்தீவின் கோப்பியை இலைத்துரு நோய் பீடித்தது. 1884இல் கோப்பித் தோட்டங்களுக்குப் பணமளித்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. அடுத்த ஆண்டு, 1885 ஆகஸ்டில், அந்திரோமீடாவின் நடுவே புதிய விண்மீன் ஒன்று எழுந்து, கூர்மையான கண்ணுக்கு எட்டும் விளிம்புவரை ஒளிர்ந்து மறைந்தது. அது ஒரு விண்மீனின் வெடித்தழிவு என்பதை அன்று யாரும் அறியார்.

இத்தீவிலும் வானத்தை ஆராய்ந்தோர் உண்டு. அந்த இருப்புப் பாதைப் பொறியியலாளர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வொர்த்தின் மகன் பெர்சி மோல்ஸ்வொர்த், 1867இல் கொழும்பில் பிறந்தவர்; பிரித்தானிய இராணுவப் பொறியியற் படையில் அதிகாரியாகித் திருகோணமலையில் பணியாற்றினார். அங்கே தம் சொந்தத் தொலைநோக்கியால் வியாழனை இரவிரவாக ஆராய்ந்து, 1901இல் அதன் மேற்பரப்பில் தோன்றிய பெருங்குழப்பம் ஒன்றைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். 1908இல் திருகோணமலையிலேயே காலமானார். அவர் புகழை நாம் குறைத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் தந்தை அமைத்த பாதையில் கோப்பியும் தேயிலையும் இறங்கின. மகனுக்குக் கல்வியும் கருவியும் ஓய்வு நேரமும் வாய்த்தன. அத்தேயிலைக்காகக் காடழித்தவர்களுக்கு இம்மூன்றில் ஒன்றேனும் வாய்க்கவில்லை.

இவ்விடத்தில் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வு நிலையத்தை நோக்கவேண்டும். அங்கே ஒளிப்படத் தட்டுகளைப் பரிசோதித்துக் கணக்கிடும் வேலை பெண்களிடம் விடப்பட்டிருந்தது. அவர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி கொடுத்தாற் போதும் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. அவர்களுள் ஒருவர் ஹென்றியட்டா லெவிட். செவிப்புலன் குன்றியவர், மணிக்கு 30 சதம் கூலி பெற்றவர். பெரு நாட்டின் அரெக்கிப்பாவிலிருந்து வந்த தட்டுகளில் மகெல்லன் முகில்களின் விண்மீன்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒளி கூடிக் குறையும் 1777 விண்மீன்களின் பட்டியலை 1908இல் வெளியிட்டார். 1912இல், சிறிய முகிலிலுள்ள அத்தகைய 25 விண்மீன்களைக் கொண்டு, துடிக்கும் காலம் நீண்டதாயின் விண்மீனின் மெய்யான பிரகாசமும் அதிகம் என்னும் விதியை நிறுவினார். அவ்வறிக்கை நிலையத் தலைவர் பிக்கரிங்கின் கையொப்பத்துடன் வெளிவந்தது.

இவ்விதி வானத்துக்கு ஓர் அளவுகோல் தந்தது. ஒரு விளக்கின் உண்மையான திறன் தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாய்த் தெரிகிறது என்பதைக்கொண்டு தூரத்தைக் கணிக்கலாமன்றோ? 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் ஷாப்லி, கர்ட்டிஸ் என்னும் இருவர், இத்தடங்கள் நம் மண்டலத்துக்கு உள்ளனவா வெளியனவா என்று விவாதித்தனர். 1885இன் புதுவிண்மீன் அத்துணைத் தொலைவில் இருந்திருந்தால் அதன் பிரகாசம் நம்பத்தகாததாகிவிடும் என்பது, தடங்கள் அருகே உள்ளன என்போரின் வாதங்களுள் ஒன்று. விவாதம் முடிவின்றிக் கலைந்தது. 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனில் எட்வின் ஹபிள் அந்திரோமீடாவுக்குள் லெவிட்டின் விதிக்கு உட்பட்ட ஒரு விண்மீனைக் கண்டார். கணக்கிட்டபோது அதன் தூரம் நமது மண்டலத்தின் எல்லையை வெகுவாகக் கடந்திருந்தது. 1925 ஜனவரி 1ஆம் நாள் அம்முடிவு அறிவிக்கப்பட்டது. லெவிட் 1921 டிசம்பரிலேயே இறந்துவிட்டிருந்தார். 1925இல் சுவீடிஷ் கணிதவியலாளர் ஒருவர் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க எண்ணிக் கடிதம் எழுதினார். அப்பெண் உயிரோடில்லை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

அதே மவுண்ட் வில்சனுக்குக் கட்டுமானப் பொருள்களைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச்சென்றவர் மில்டன் ஹியூமசன். 14 வயதில் பள்ளியை விட்டவர். பின்னர் அங்கே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, ஹபிளின் தலையாய உடனாய்வாளராக உயர்ந்தார். வாய்ப்புக் கிடைத்தால் உழைக்கும் கை எதனைச் சாதிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

ஆயினும் அந்திரோமீடாவின் நடுப்பகுதி பிரியாமலே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் இருட்டடிப்புக்கு உட்பட்டது. ஜெர்மானியரான வால்டர் பாட, எதிரி நாட்டார் எனக் கருதப்பட்டுப் போர்ப்பணியில் சேர்க்கப்படாமல், மலைமீது தம் ஆய்வைத் தொடர்ந்தார். நகர வெளிச்சம் அவிந்த அந்த இருளில், 1943, 1944ஆம் ஆண்டுகளில், அந்திரோமீடாவின் நடுப்புகையையும் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் படமெடுத்தார். துடிக்கும் விண்மீன்களில் இருவகை உண்டு என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. 1952இல் ரோம் மாநாட்டில் அவர் அறிவித்தபோது அந்திரோமீடாவின் தூரம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அல்-ஸூஃபியின் சிறு முகில் முழுமையாக விண்மீன்களாகப் பிரிய 980 ஆண்டுகள் சென்றன.

வரலாற்று நூலுக்கும் இவ்வாறே ஒரு வெறுங்கண் உண்டு. அது பிரகாசமான சில பெயர்களைத் தனித்தனியே காண்கிறது. எஞ்சியதைப் புகையாகக் காண்கிறது. லூல்கந்துரவின் 19 ஏக்கரைப் பற்றிப் பேசும் நூல்களில் டெய்லரின் பிறந்த ஊரும், வந்த ஆண்டும், 1892இல் அவர் இறந்த செய்தியும், கண்டி மகையாவையில் உள்ள கல்லறையும் உண்டு. அந்நிலத்தில் மரம் வீழ்த்தி, குழிவெட்டி, நாற்று நட்டவர்களைக் குறிக்கக் ‘கூலிகள்’ என்னும் ஒரே சொல் போதுமானதாயிற்று. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை, கண்டி என நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர்க்குக் கல்லறையும் இல்லை. தோட்டத்து வழக்கில் ஒரு நாள் உழைப்பு ‘ஒரு பேர்’ எனப்படுகிறது. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. பெயர் என்னும் சொல்லே இங்குக் கூலிக் கணக்கின் அலகாகிவிட்டது!

இப்புகையிலிருந்து ஒரு பெயர் தனித்துப் பிரிந்தது ஹேவாஹெட்டையில்தான். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் தொழிற்சங்கம் லங்கா சமசமாஜக் கட்சியினரின் வழிகாட்டலில் இயங்கியது. ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளைப் பற்றி உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ் தலைமைக்கும் இடையே எழுந்த பிணக்கில் தேசாதிபதி பொலிசின் பக்கம் நின்றதால், அமைச்சர்கள் பதவி விலகினர். ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு கொழும்பின் ஆட்சிபீடத்தை அசைத்தது. அவர் பெயரை மலைநாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அன்று அவரோடு நின்ற மற்றவர்களை நம்முள் எத்தனை பேர் பெயர் சொல்லி அழைக்க முடியும்?

அதன் பின்னரும் அரசுகள் இம்மக்களைத் தொகையாகவே கண்டன. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்களாகப் பங்கிட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பின்னர்ப் பேசித் தீர்ப்பதற்கு. இதனால் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் எண்ணில. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டியது. 1867இலிருந்து கணக்கிட்டால் 136 ஆண்டுகள்!

உவமைக்கும் எல்லை உண்டு. விண்மீன்கள் தம்மை யாரும் எண்ணவேண்டும் எனக் கேட்பதில்லை, மனிதர் கேட்கின்றனர். விண்மீன்களின் மங்கல் தூரத்தாலும் கண்ணின் அமைப்பாலும் நேர்வது. மனிதக் கூட்டத்தின் மங்கலோ மனிதராலேயே உண்டாக்கப்படுவது. ஆதலின் அதனை நீக்குவதும் மனிதரால் ஆகக்கூடியதே. லெவிட் தட்டுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததுபோல, தோட்டத்துச் செக்ரோல்களையும் துண்டுகளையும் மரணப் பதிவுகளையும் முதியோர் நினைவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர்களைத் திரட்டும் பணி நமது மாணவருக்காகக் காத்திருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை.

வானத்தைக் கற்பிக்கவும் வேண்டியதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ஆலன் ஆபிரகாம், 1910இல் தோன்றிய ஹேலி வால்வெள்ளி பற்றிய கணிப்புகளாற் புகழ்பெற்று, இலண்டனின் அரச வானியற் சங்கத்தில் உறுப்பினரானார். கல்வி எட்டிய இடத்தில் தமிழ் ஆசிரியர் ஒருவர் எட்டிய உயரம் அது. அதே ஆண்டுகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது பெரும்பாலும் ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாக இருந்தது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அவ்விடைவெளி இன்னும் நிரவப்படவில்லை என்பதை மலைநாட்டு ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பறையிலேயே அறிவர்.

ஆனால் இவ்வொரு செல்வம் மட்டும் தோட்டத்துப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையைவிட அதிகமாக உண்டு. 2016இல் வெளியான உலக வானொளிப் படத்தொகுப்பின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாதவாறு செயற்கை வெளிச்சம் அதை மறைத்துவிட்டது. நகர வெளிச்சம் எட்டாத மலைமடிப்புகளில் அந்த இருள் இன்னும் எஞ்சியுள்ளது. 1987 பெப்ரவரியில் பெரிய மகெல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்தபோது, சிலி நாட்டு வானாய்வு நிலையத்தில் அதனை வெறுங்கண்ணால் கண்டவர் ஒஸ்கார் டுஹால்டே. அவர் அங்கே தொலைநோக்கியை இயக்கும் பணியாளர். இடைவேளையில் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். நாள்தோறும் பார்த்துப் பழகியிருந்ததனால், முன்னில்லாத ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்தது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நவம்பரில் வானம் திறக்கும் இரவொன்றில் மாணவரைப் பள்ளி முற்றத்துக்கு அழையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்திருங்கள்; இருளுக்குக் கண் பழக அவ்வளவு நேரம் ஆகும். பூரட்டாதி, உத்திரட்டாதிச் சதுரத்திலிருந்து வழி காட்டுங்கள். தடத்தை நேராக உறுத்துப் பார்க்காமல், சற்றே பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கோற்கலங்கள் அங்கேதான் செறிந்துள்ளன. படத்தில் உள்ள நிறங்கள் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்டபின், அது இலட்சம் கோடி விண்மீன்கள் என்பதை யார், எந்தக் கூலிக்கு, எத்தனை ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று கூறுங்கள். மறுநாள் வகுப்பில், ஒவ்வொருவரும் தத்தம் லயத்தில் மூன்று தலைமுறைக்கு முன் வாழ்ந்தவர்களின் பெயர்களைக் கேட்டெழுதி வரும்படி பணியுங்கள்.